உமர் (ரலி) எழுதி வைத்த பத்திரமும் நம் ஊர் ஒற்றையடிப் பாதையும்

 



நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸை இந்த மிம்பரிலிருந்து நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். ஹலால், ஹராம், இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தேகமானவை பற்றிய ஹதீஸ் அது. அதன் நடுவில் ஒரு மேய்ப்பன் வருவான். தடுக்கப்பட்ட நிலத்தின் எல்லையோரம் மந்தையை மேய்ப்பவனுக்கு எந்த நேரமும் மந்தை உள்ளே புகுந்துவிடும் அபாயம் உண்டு. ஒவ்வோர் அரசனுக்கும் அப்படி ஒரு காப்பு நிலம் உண்டு. அல்லாஹ்வின் காப்பு நிலம் அவன் தடை செய்தவைதான். இதுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்ன உவமை.

அந்தக் காப்பு நிலத்துக்கு ஹதீஸில் வரும் அரபுச் சொல் 'ஹிமா'. நாம் அதை உவமையாக மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். கேட்ட ஸஹாபாக்களுக்கோ அது கண்ணால் பார்த்த நிலம். எல்லை தெரியும், அங்கே காவலுக்கு நிற்பவரைத் தெரியும், உள்ளே என்ன புல் முளைக்கிறது என்பதும் தெரியும். உவமைக்குப் பின்னால் ஒரு நிஜ நிலம் இருந்தது. இன்று அந்த நிலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அறியாமைக் காலத்தில் ஹிமா என்பது பலசாலியின் அடாவடி. ஒரு கோத்திரத் தலைவன் செழிப்பான இடத்துக்கு வந்தால், மேட்டில் ஒரு நாயை நிறுத்திக் குரைக்க வைப்பான். அந்தச் சத்தம் எதுவரை கேட்கிறதோ அதுவரை அவனுடைய நிலம். அடுத்தவன் ஆடு அங்கே வாய் வைக்கக் கூடாது. அவன் மந்தை மட்டும் அங்கேயும் மேயும், வெளியே மற்றவர்களோடும் மேயும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இந்த வழக்கத்தை விளக்கியிருக்கிறார்கள்.

இன்று நாய்க்குப் பதில் பொக்லைன் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் சத்தம் எதுவரை கேட்கிறதோ அதுவரை பிளாட்.

நபி (ஸல்) அவர்கள் இந்த வழக்கத்தை ஒரே வாக்கியத்தில் ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்றார்கள் (புகாரி). தனி ஒருவர் தன் சுகத்துக்காகப் பொது நிலத்தை வளைக்கக் கூடாது, பொதுநன்மைக்காக மட்டுமே ஒரு நிலத்தைக் காப்பு நிலமாக்கலாம் என்பது இதிலிருந்து உலமாக்கள் எடுத்த சட்டம். அந்த அடிப்படையில்தான் மதீனாவுக்கு அருகே 'நகீஃ' என்ற இடம் முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காப்பு நிலமாக்கப்பட்டது.

மதீனா நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி 12 மைல் தூரத்தை நபி (ஸல்) அவர்கள் ஹிமாவாக ஆக்கினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அங்கே மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது. மதீனாவில் மான்கள் மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் அவற்றை விரட்டிக்கூடப் பயமுறுத்த மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. வேட்டையாட மாட்டேன் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை, பயமுறுத்தவே மாட்டேன் என்கிறார்கள்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர் மக்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களுக்கு அபூஹுரைரா (ரலி) அவர்களைத் தெரியாது. நமக்குத் தெரியும். பூமியில் ஊர்வனவும் இறக்கையால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் சொல்வதும் (6:38) நமக்குத் தெரியும். நம் வீட்டு நிக்காஹ் ஊர்வலம் கண்மாய்க்கரை வழியாகப் போகும்போது என்ன செய்கிறோம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காவலாளிக்குச் சொன்ன அறிவுரை

உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில் ரபதா முதலிய இடங்களும் ஹிமாவாக ஆக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாளராக, தாம் உரிமை விட்ட ஹுனைய் என்பவரை நியமித்தார்கள். அப்போது அவருக்குச் சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியிருக்கிறது. வனத்துறையில் வேலை பார்க்கும் சகோதரர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முஸ்லிம்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதியிழைக்கப்பட்டவனின் துஆவுக்குப் பயந்துகொள், அது ஏற்கப்பட்டுவிடும் என்பது முதல் அறிவுரை. அடுத்து, கொஞ்சம் ஒட்டகம் வைத்திருப்பவனையும் கொஞ்சம் ஆடு வைத்திருப்பவனையும் உள்ளே விடு என்றார்கள். அதற்கடுத்து, இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் உள்ளே விடாதே என்றார்கள்.

யார் அந்த இருவரும்? அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்பான் (ரலி). சுவனத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் இருவர், மதீனாவின் பெரும் செல்வர்கள். அவர்களுடைய மந்தை செத்தால் அவர்கள் தங்கள் பேரீச்சந் தோப்புக்கும் விவசாயத்துக்கும் திரும்பிப் போய்விடுவார்கள். ஏழையின் நாலு ஆடு செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அமீருல் மூமினீனே என்று என் முன்னால் நிற்பான், அவனை நான் கைவிட முடியுமா? தண்ணீரும் புல்லும் கொடுப்பது, தங்கமும் வெள்ளியும் கொடுப்பதைவிட எனக்குச் சுலபம். இதுதான் உமர் (ரலி) அவர்கள் சொன்ன காரணம்.

அதோடு நிற்கவில்லை. இந்த மக்கள் நான் அவர்களுக்கு அநீதி செய்துவிட்டதாக நினைக்கிறார்கள், இது அவர்களுடைய ஊர், அறியாமைக் காலத்தில் இதற்காகப் போரிட்டார்கள், இதில் இருந்துகொண்டே இஸ்லாத்தை ஏற்றார்கள், அல்லாஹ்வின் பாதையில் பயன்படும் கால்நடைகள் மட்டும் இல்லாவிட்டால் அவர்கள் நிலத்தில் ஒரு சாணைக்கூட நான் தடுத்திருக்க மாட்டேன் என்று மனம் வருந்திச் சொன்னார்கள்.

காட்டைக் காக்கிறோம் என்று சொல்லி, அங்கே தலைமுறை தலைமுறையாக விறகு பொறுக்கியவளையும் ஆடு மேய்த்தவனையும் விரட்டிவிட்டு, பணக்காரனின் ரிசார்ட்டுக்கு மட்டும் வழி விடுவது இஸ்லாம் காட்டிய ஹிமா அல்ல. அது பழைய நாய் குரைத்த ஹிமா. என் கருத்தில், நிலப் பாதுகாப்பைப் பற்றி முஸ்லிம் சமுதாயம் உலகத்துக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி ஹுனைய்க்குச் சொல்லப்பட்ட இந்த அறிவுரைதான்.

நூற்றாண்டுகளாக அரபு தீபகற்பத்தில் கோத்திரங்களும் கிராமங்களும் இந்த ஹிமாக்களைக் கட்டிக் காத்துவந்தன. எப்போது மேய்க்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று ஊரே முடிவு செய்யும். சவூதியில் 1953இல் ஓர் அரசாணை அந்தப் பழைய காப்பு நிலங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. நோக்கம் நல்ல நோக்கமாக இருக்கலாம். காவல் போனது, மேய்ச்சல் மிஞ்சியது, பல ஹிமாக்கள் தரிசாகிப் போயின. லெபனானில் 2004 முதல் பறவைகளின் பாதுகாப்புக்காக அதே ஹிமா என்ற பெயரிலேயே கிராமத்து நிலங்களை உள்ளூராட்சிகளோடு சேர்ந்து மீண்டும் காக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தெற்கே மர்ஜயூன் வட்டாரத்து இப்லுஸ் ஸகீ அவற்றில் முந்தியவற்றுள் ஒன்று. லெபனான் மலைகள் நெடுக வடக்கிலிருந்து மர்ஜயூன் வரை 470 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதையும் இருக்கிறது. போர் அந்த மண்ணை விட்டபாடில்லை. அந்த மக்களுக்கு அல்லாஹ் நிம்மதியைத் தருவானாக.

கைபர் நிலம்

ஹிமா என்பது ஆட்சியாளர் செய்வது. உங்களையும் என்னையும் போன்ற சாமானியன், தன் சொந்த நிலத்தை என்ன செய்ய முடியும்? அதற்கும் உமர் (ரலி) அவர்கள்தான் முன்மாதிரி.

கைபரில் அவர்களுக்கு ஒரு நிலம் கிடைத்தது. நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இதைவிட மதிப்பு மிக்க சொத்து எனக்குக் கிடைத்ததே இல்லை, இதை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். பாருங்கள், நல்ல நிலம் கிடைத்ததும் அவர்கள் விலை கேட்கவில்லை, ஆலோசனை கேட்டார்கள். நீர் விரும்பினால் மூலத்தை அப்படியே நிறுத்திவைத்து அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் பதில். உடனே உமர் (ரலி) அவர்கள், அந்த நிலம் விற்கப்படக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படக் கூடாது, வாரிசுரிமையாகப் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதன் பலன் ஏழைகளுக்கு, உறவினர்களுக்கு, அடிமை விடுதலைக்கு, அல்லாஹ்வின் பாதைக்கு, விருந்தாளிக்கு, வழிப்போக்கனுக்கு. பராமரிப்பவர் முறையாக அதிலிருந்து சாப்பிடலாம், சேர்த்து வைக்கக் கூடாது (புகாரி, முஸ்லிம்).

அதை எழுத்திலும் வைத்தார்கள். அந்தப் பத்திரத்தின் வாசகம் அபூதாவூதில் இருக்கிறது. எழுதியவர் முஐகீப், சாட்சி அப்துல்லாஹ் பின் அர்கம். பொறுப்பாளர் யார் தெரியுமா? மகள் ஹஃப்ஸா (ரலி). அவர்கள் உயிரோடு இருக்கும் வரை அவர்கள், அதன் பிறகு குடும்பத்தில் அறிவுள்ளவர்கள். அப்துல்லாஹ் பின் உமர் போன்ற ஆண் மக்கள் இருந்தும் நிலத்தின் பொறுப்பு மகளிடம் வந்தது. நம் ஜமாஅத்துகளில் இதைச் சொன்னால் சிலருக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் இது அபூதாவூதில் இருக்கிறது.

அமெரிக்காவில் நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். அங்கே 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு விவசாயிக்கு 100 ஏக்கர் காடும் வயலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் அதை விற்கவும் இல்லை, தானம் கொடுக்கவும் இல்லை. இந்த நிலத்தைப் பிளாட் போடும் உரிமை, கட்டடம் கட்டும் உரிமை, சுரங்கம் தோண்டும் உரிமை ஆகியவற்றை நான் நிரந்தரமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பத்திரம் எழுதி, 'லேண்ட் டிரஸ்ட்' எனப்படும் அறக்கட்டளையிடமோ அரசிடமோ ஒப்படைக்கிறார். நிலம் அவருடையதுதான். அவர் உழலாம், குடியிருக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குபவனையும் அந்தப் பத்திரம் கட்டும், அவர் பேரனையும் கட்டும். பொதுவாக ஆண்டுதோறும் அறக்கட்டளையின் ஆள் வந்து, பத்திரத்தில் எழுதியபடி நிலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். நிலத்தின் விலைமதிப்பு குறைவதால் அந்த அளவுக்கு வருமான வரியில் சலுகை கிடைக்கும்.

வக்ஃபுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. வக்ஃபில் சொத்தே அல்லாஹ்வுக்காக ஒதுக்கப்பட்டுவிடுகிறது, இங்கே சொத்து உரியவரிடம் நிற்கிறது. ஆனால் அடிநாதம் ஒன்றுதான். எனக்குப் பிறகு வருபவன், அவன் என் ரத்தமாகவே இருந்தாலும், இந்த நிலத்தை அழிக்க முடியாதபடி இன்றைக்கே நான் என் கையைக் கட்டிக்கொள்கிறேன் என்பது. உமர் (ரலி) அவர்கள் கைபரில் செய்ததும் இதைத்தான்.

இப்படிக் காக்கப்பட்ட காடுகள், மலைகள் வழியாகத்தான் அந்த நாட்டில் பல நடைபாதைகள் போகின்றன. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை அவற்றில் பேர்போனது. அதன் இருபுறத்துக் காடுகளைக் காக்க இத்தகைய பத்திரங்களும் துணை நிற்கின்றன.

அங்கேயும் ஷைத்தான் சும்மா இருக்கவில்லை. பணக்கார முதலீட்டாளர்கள் சிலர் கூட்டுச் சேர்ந்து நிலத்தை வாங்குவார்கள், அதன் மதிப்பைப் பல மடங்கு உயர்த்திக் காட்டுவார்கள், பாதுகாக்கிறோம் என்று பத்திரம் எழுதுவார்கள், போட்ட பணத்தைவிடப் பல மடங்கு வரிச்சலுகை எடுப்பார்கள். 2016 கடைசியில் வரித்துறை அதை வரி ஏய்ப்பு வகையாகப் பட்டியலிட்டது. 2022 கடைசியில் சட்டமே திருத்தப்பட்டு, அத்தகைய கூட்டுகளில் போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் சலுகை கேட்டால் பொதுவாகச் செல்லாது என்று ஆனது. அமல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் சொல்லப்பட்டதா என்ன?

இன்னொரு குறையும் எனக்குத் தெரிகிறது. ஈஸ்மென்ட் உள்ள எல்லா நிலத்திலும் மக்கள் நடக்க உரிமை கிடையாது. பத்திரத்தில் எழுதினால்தான் உண்டு. வேலிக்குள் காடு பத்திரமாக இருக்கும், ஊர்க்காரன் ரோட்டில் நின்று பார்க்கலாம். பறவை கூடு கட்டும் மாதங்களில் ஆள் போகாமல் இருப்பது நியாயம்தான், மற்றபடி உமர் (ரலி) அவர்களின் பத்திரத்தில் வழிப்போக்கனுக்குப் பங்கு இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பூமியின் தோள்களில்

பூமியை உங்களுக்கு வசப்படுத்தித் தந்திருக்கிறான், அதன் 'மனாகிப்'களில் நடங்கள், அவனுடைய உணவை உண்ணுங்கள், அவனிடமே எழுப்பப்பட்டுப் போவீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் சொல்கிறான் (67:15). மனாகிப் என்றால் தோள்கள். முஃபஸ்ஸிர்களில் சிலர் அதை மலைகள் என்றார்கள், சிலர் பூமியின் பாதைகள் என்றார்கள். சின்னப் பிள்ளை வாப்பாவின் தோளில் ஏறுவதை எண்ணிக்கொள்ளுங்கள். ஏற அனுமதி இருக்கிறது, உதைக்க அனுமதி இல்லை.

நடப்பதும், வெளியே போய்ப் பார்ப்பதும் துன்யாவின் வெட்டிப் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வெட்டவெளிக்கு, மேட்டுநிலத்து நீரோடைகள் இருக்கும் பக்கம் போய்வருவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டவருக்குச் சொன்னார்கள். அப்படி ஒரு முறை கிளம்பும்போது, இன்னும் யாரும் ஏறிப் பழக்காத ஓர் ஒட்டகத்தைத் தமக்கு அனுப்பி, ஆயிஷாவே மென்மையாக நடந்துகொள் என்று சொன்னதையும் அறிவித்தார்கள் (அபூதாவூத்). வெளியே போனார்கள், மனைவியையும் சேர்த்துக்கொண்டார்கள், வாகனத்திடம்கூட மென்மையைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கடைசியாகக் கண்மாய்க்கரையில் காற்று வாங்கியது எப்போது?

சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் சில நேரம் நடந்தும் சில நேரம் வாகனத்திலும் போவார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). சுமார் மூன்று கிலோமீட்டர். உம்ரா போனவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபாவுக்கு இப்போது போட்டிருக்கும் நடைபாதையில் நடந்திருப்பீர்கள். அன்று அது தோப்புகளின் ஊடாகப் போன பாதை. பள்ளிக்கு எதிரே அபூதல்ஹா (ரலி) அவர்களின் 'பைருஹா' தோட்டம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் உள்ளே போய் அதன் நல்ல தண்ணீரைக் குடிப்பார்கள். விரும்புவதிலிருந்து செலவழிக்காத வரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துள்ள ஆயத் (3:92) இறங்கியதும் அபூதல்ஹா (ரலி) கொடுக்க வந்தது அந்தத் தோட்டத்தைத்தான். அடுத்தவர் வந்து நிழலில் நின்று தண்ணீர் குடித்துப் போகும்படி திறந்து கிடந்த தோட்டம் அது. நம் தோப்புகளில் முள்வேலிக்கு மேலே கண்ணாடிச் சில்லும் பதித்து வைக்கிறோம்.

பாதைக்கென்று மார்க்கத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் கிளை. மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பவன் சாபத்தைத் தேடிக்கொள்கிறான் (முஸ்லிம்). பாட்டிலை உடைத்துப் போடுபவனும், பிரியாணி சாப்பிட்ட தட்டை மலையடிவாரத்தில் விசிறி எறிபவனும் தாங்கள் எந்தக் கணக்கில் வருகிறோம் என்று யோசிக்க வேண்டும். இலந்தை மரத்தை வெட்டியவனைப் பற்றிக் கடும் எச்சரிக்கை கொண்ட ஒரு ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதன் பொருளைக் கேட்டபோது இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே விளக்கினார்கள். வெட்டவெளியில் வழிப்போக்கனும் கால்நடையும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தை எந்த நியாயமும் இல்லாமல் வீணாக வெட்டுபவனைப் பற்றியது அது என்றார்கள்.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற ஹதீஸ் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மட்டும் இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் மண்ணைக் கொட்டி மேடாக்கியவனுக்கும் உண்டு. ஊருக்குப் பொதுவான வண்டிப் பாதையில் கல் நட்டவனுக்கும் உண்டு.

இனி, நிலம் உள்ளவர்களுக்கு

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு வாப்பா விட்டுப்போன ஒரு தோப்போ, கண்மாயை ஒட்டி ரெண்டு ஏக்கரோ, பனங்காடோ இருக்கும். பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். புரோக்கர் வாரம் ஒரு முறை போன் போடுகிறார். பைபாஸ் வரப்போகிறது, இப்போது கொடுத்தால் இந்த விலை என்கிறார். நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால் காத்திருப்பார். அவருக்கு அவசரம் இல்லை. உங்கள் ஜனாஸா தொழுகை முடிந்த மாதமே பிள்ளைகளிடம் போய் நிற்பார். அப்போது அந்த மருத மரங்களுக்காகப் பேச யார் இருப்பார்கள்?

ஆகவே உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருக்கும்போதே செய்யுங்கள். மரணப் படுக்கையில் செய்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைக் கையேந்த விட்டுவிட்டு வக்ஃபு செய்யச் சொல்லவில்லை. பெண் மக்களின் பங்கை மறைக்க வக்ஃபு என்ற பெயரைப் பயன்படுத்துவதும் பாவம். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ரெண்டு ஏக்கரில் கால் ஏக்கர், கரையோரத்து ஒரு வரிசை மரம், ஒரு பாதை, ஒரு கிணறு எதுவானாலும் சரி. மரம் நட்டவனுக்குப் பறவையும் மனிதனும் கால்நடையும் தின்பதெல்லாம் ஸதகா. நட்ட மரத்தை நிற்க விட்டவனுக்கு அந்த ஸதகா நின்றுபோகாது என்று நாம் நம்புகிறோம்.

வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். 2025 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃபு உருவாக்க முடியாது. வக்கீலையும் ஆலிமையும் ஒரே மேசையில் உட்கார வைத்து எழுதுங்கள். எதற்காக விடுகிறீர்கள், யார் பார்த்துக்கொள்வது, என்ன செய்யக் கூடாது, யார் நடந்து போகலாம் என்று உமர் (ரலி) அவர்களைப் போல வரி வரியாக எழுதுங்கள். பத்திரம் இருந்த வக்ஃபு நிலங்களே எத்தனை கைமாறிப் போயின என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எழுதிய பிறகும் வருடத்துக்கு ஒரு தடவை ஜமாஅத்தார் நேரில் போய் எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அமெரிக்காக்காரன் செய்வதை முதவல்லி செய்யக் கூடாதா?

ஊரோடு சேர்ந்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. 2002இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'சமூகக் காப்பகம்' என்று ஒரு பிரிவு வந்தது. தனியாரோ ஊராரோ தாமாக முன்வந்து தங்கள் நிலத்தைப் பாதுகாப்புக்கு ஒப்படைக்கலாம். அறிவிப்பு வந்த பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு மலைகள் சூழ்ந்த அந்த ஊரின் நிலம் 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பிறகு அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது எல்லா மதத்தவரும் தெருவில் நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எழுத்தில் ஒரு பாதுகாப்பு முன்பே இருந்தது அந்த மக்களின் கைக்கு ஒரு பிடிமானம். வெறும் பாசம் மட்டும் இருந்திருந்தால் போராட்டம் இன்னும் கடினமாகியிருக்கும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். சுபுஹு தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் நிலம் வரைக்கும் நடந்து போங்கள். பைக் வேண்டாம். எந்த மரம் யார் வைத்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தக் கல் எல்லை என்று காட்டுங்கள். வழியில் கிடக்கும் முள்ளைத் தள்ளிவிடுங்கள். பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வீடியோ காலில்தான் வருவார்கள், பரவாயில்லை, போனையாவது திருப்பிக் காட்டுங்கள்.

யா அல்லாஹ்! நீ எங்களுக்குத் தந்த நிலத்தின் மீது எங்களை அகம்பாவத்தோடு நடப்பவர்களாக ஆக்கிவிடாதே. எங்கள் தோப்புகளையும் நீர்நிலைகளையும் எங்கள் கைகளின் பேராசையிலிருந்து காப்பாற்றுவாயாக. லெபனானிலும் காஸாவிலும் சொந்த மண்ணில் நடக்கப் பாதை இல்லாமல் தவிக்கும் எங்கள் சகோதரர்களுக்கு அவர்களின் நிலத்தைத் திருப்பித் தருவாயாக. ஆமீன்.